பிரிந்த தேதி

ஃப்ளீட்வுட்
12 ஜூலை 2004

கிளென்,

இதை நேற்று போனிலேயே கேட்டிருக்கலாம். கேட்கத்தான் நினைத்தேன். ஆனால் ரிசீவரை என்னிடம் கொடுத்த பிறகும் உன் மகள் பெத்தனி பக்கத்திலிருந்து நகர்வதில்லை. உன் பக்கத்திலும் சமையலறையில் நாலு பேர் உட்கார்ந்து தட்டுகளை உருட்டுவது கேட்கிறது. நீ "ம்" என்கிறாய். நான் "சரி" என்கிறேன். வைத்துவிடுகிறோம். ஆகவே எழுதுகிறேன்.

டாக்ஸ் கிரெடிட், அதுதான் வரி அலுவலகம் தரும் குடும்ப உதவிப் பணம், அதைப் புதுப்பிக்கும் படிவம் வந்திருக்கிறது. போன வருஷம் இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு அனுப்பினோமே, அது. வீட்டு வருமானம் என்ன, எத்தனை பிள்ளைகள், என்ன மாறியிருக்கிறது என்று கேட்கிறார்கள். செப்டம்பர் முப்பதுக்குள் போகாவிட்டால் வருவது நின்றுவிடும்.

வேலை பற்றிய பக்கத்தை நிரப்பிவிட்டேன். நீ: போன அக்டோபரில் ஆலையை மூடினார்கள், பிப்ரவரியிலிருந்து ஷெட்லாண்டில் மீன் பண்ணை. நான்: பள்ளியில் மதியச் சாப்பாட்டு வேலை, ஜூன் ஏழிலிருந்து காலையில் வகுப்பறை சுத்தம் செய்வதும். இரண்டும் சேர்த்து வாரத்துக்குப் பதினேழரை மணி. பதினாறுக்கு மேல் இருந்தால்தான் வேலைக்கான பங்கு கிடைக்கும் என்பதால்தான் காலை வேலையையும் வாங்கிக்கொண்டேன். இதெல்லாம் எழுத எனக்குக் கஷ்டமில்லை.

அடுத்த பக்கத்தில் நின்றுவிட்டேன். கணவன், மனைவி அல்லது துணையோடு வாழ்கிறீர்களா என்று கேட்டிருக்கிறது. ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். கூடவே வந்த விளக்கப் புத்தகத்தைப் படித்தேன். வேலைக்காக ஒருவர் வெளியூரில் இருந்தால் அது பிரிவாகாதாம். நிரந்தரமாகப் பிரிந்திருந்தால் பிரிந்த தேதியை எழுத வேண்டுமாம். நாலு நாளாகப் படிவம் ரொட்டி டப்பாவுக்கு மேல் கிடக்கிறது.

ஆகவே கேட்கிறேன். நீ வேலைக்குப் போயிருக்கிறாயா, போய்விட்டாயா?

கோபத்தில் எழுதவில்லை. படிவத்துக்காகத்தான்.

ஜனீன்


யெல் தீவு, ஷெட்லாண்ட்
21 ஜூலை 2004

ஜனீன்,

கடிதம் கிடைத்தது. ஒன்பது நாள் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள். இரண்டு நாள் மூடுபனி. படகு போகவில்லை.

இங்கே வேலை பரவாயில்லை. இந்த மாதம் பேன் எண்ணுகிறோம். சால்மன் உடம்பில் ஒட்டிக்கொள்ளும் கடல் பேன். ஒவ்வொரு கூண்டிலிருந்தும் பத்து மீனைப் பிடித்து மயக்க மருந்து கலந்த தொட்டியில் போடுவோம். அது துள்ளுவதை நிறுத்தியதும் கையில் எடுத்துப் புரட்டி எண்ணிவிட்டு நல்ல தண்ணீரில் விடுவோம். கொஞ்ச நேரத்தில் தெளிந்து நீந்தத் தொடங்கும். மாக்னஸ் எண்ணிக்கை சொல்வான், நான் எழுதுவேன். அவன் இந்தத் தீவுக்காரன். நல்லவன். ரொம்பப் பேசுவான்.

ராத்திரியிலும் சரியாக இருட்டுவதே இல்லை. ஜன்னலில் உரச்சாக்கை ஆணி அடித்திருக்கிறோம்.

படிவத்தில் சேர்ந்தே வாழ்கிறோம் என்று போட்டுவிடு. அதுதான் சுலபம். என் சம்பளச் சீட்டுகள் இங்கேதான் எங்கேயோ இருக்கின்றன, தேடி அனுப்புகிறேன்.

பையன் கேலமுக்கு ஒரு கடல்நாய் படம் போட்ட தபாலட்டை வைத்திருக்கிறேன். அதற்கு மீசை இருக்கிறது என்று சொல்.

கிளென்


ஃப்ளீட்வுட்
28 ஜூலை 2004

கிளென்,

தபாலட்டை கிடைத்தது. மீசையைப் பார்த்து கேலம் சிரித்தான். சம்பளச் சீட்டு உறையில் இல்லை.

சுலபம் என்று எழுதியிருக்கிறாய். யாருக்கு என்று எழுதவில்லை.

நேற்று பிள்ளைகளைப் பக்கத்து வீட்டு டோரீனிடம் விட்டுவிட்டு, நூலகத்துக்கு மேலே இருக்கும் இலவச ஆலோசனை மையத்துக்குப் போனேன். திருமதி ஆர்மராட் என்று ஓர் அம்மா. முப்பது வருஷம் பேருந்து நிறுவனத்தில் சம்பளக் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கூட்டு விண்ணப்பம்னா சும்மா இல்ல, கண்ணு. நாங்க ரெண்டு பேரும் ஒரு குடும்பம்னு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு சொல்றது. உன் வீட்டுக்காரர் கடைசியா எப்ப வீட்டுல இருந்தாரு?"

"பிப்ரவரி எட்டு. அன்னிக்குத்தான் போனாரு."

"நடுவுல லீவே குடுக்கலையா?"

"குடுத்தாங்க. ஈஸ்டருக்கு. காத்துல கப்பல் ஓடலன்னு போன் பண்ணாரு."

பேனாவின் மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினார். பிறகு, "நீ என்ன நினைக்கறே?" என்றார்.

அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் இதுவரை கேட்டதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. சுவரில் இருந்த ஒரு விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். வாடகை வீட்டில் ஈரச் சுவர் இருந்தால் யாரிடம் சொல்வது என்று.

உனக்கு ஒன்று சொல்கிறேன். ஈஸ்டர் முடிந்த மறுவாரம் கப்பல் நிறுவனத்தின் எண்ணை விசாரித்து ஒரு உறையின் பின்னால் எழுதி வைத்தேன். அந்த வெள்ளிக்கிழமை உண்மையிலேயே கப்பல் ஓடவில்லையா என்று கேட்க. நான் போன் செய்யவில்லை. எண் இன்னும் இருக்கிறது. இப்போதும் செய்ய மாட்டேன். நீயே சொல்.

ஜனீன்


யெல் தீவு
9 ஆகஸ்ட் 2004

ஜனீன்,

இதை ஐந்தாம் முறையாக எழுதுகிறேன். இனித் திருத்த மாட்டேன். வந்தபடி இருக்கட்டும்.

கப்பல் ஓடியது.

வியாழன் சாயங்காலம் லெர்விக்கில் ஏறினேன். காலையில் அபர்தீன். அங்கிருந்து ரயில். ஏப்ரல் ஒன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு ப்ரெஸ்டனில் இறங்கினேன். வீட்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம். வண்டி மாறி, கடைசியில் டிராம் பிடிக்க வேண்டும். பிளாட்பாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன். வண்டி வந்தது. ஏறவில்லை. அடுத்ததும் வந்தது. ஆரஞ்சுச் சட்டை போட்ட ரயில்வே அம்மா ஒருத்தி கிட்டே வந்தாள்.

"எங்கப்பா போகணும்?"

"ஃப்ளீட்வுட்."

"அதுக்கு இந்த வண்டிதானே. ஏறலையா?"

"அடுத்ததுல போறேன்."

"அடுத்ததும் இதே மாதிரிதான் இருக்கும்," என்று சிரித்துவிட்டுப் போனாள்.

மூன்றாவது வண்டியும் போன பிறகு எழுந்து மேம்பாலத்தில் ஏறி எதிர்ப் பக்கம் போனேன். கிளாஸ்கோ வண்டியில் ஏறினேன். அவ்வளவுதான்.

நீ ஏன் என்று கேட்பாய். நானும் கேட்டுப் பார்த்தேன். உன்மேல் கோபம் இல்லை. பயம் இல்லை. வேறு யாரும் இல்லை, அதை நீ நம்ப வேண்டும். ஒன்றுமே இல்லை, அதுதான் விஷயம். பல் டாக்டர் ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டால் அது வேறு யாருடைய கன்னமோ போல இருக்குமே, அப்படி. ஊர் நெருங்க நெருங்க ஏதாவது தோன்றும் என்று எதிர்பார்த்தேன். லங்காஸ்டர் வந்தது. ப்ரெஸ்டன் வந்தது. ஒன்றும் தோன்றவில்லை. இப்படியே வீட்டுக்குள் வந்து பிள்ளைகள் முன்னால் நிற்க முடியாது என்று பட்டது. பிள்ளைகளுக்கு வாங்கிய சாக்லேட் முட்டை இரண்டு பையில் இருந்தது. ஒன்றைக் கார்லைல் தாண்டி நானே தின்றேன். மற்றது வண்டியிலேயே இருந்துவிட்டது.

ஆலை மூடிய பிறகு வீட்டில் இருந்த நாலு மாதமும் இப்படித்தான் இருந்தது. நீ பேசுவது எல்லாம் கேட்டது. பதில் சொல்ல வேண்டும் என்றும் தெரிந்தது. நீ தட்டை வைத்துவிட்டு, "கிளென், எதாவது சொல்லு. திட்டவாவது செய்" என்றாய். அதுவும் கேட்டது.

தேதி வேண்டும் என்றால் ஏப்ரல் ஒன்பது என்று போடு. எனக்கு அதுதான் என்று நினைக்கிறேன்.

கிளென்


ஃப்ளீட்வுட்
16 ஆகஸ்ட் 2004

கிளென்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. படித்தேன். துணி காயப் போட்டேன். மறுபடி படித்தேன். சட்டைகளை எல்லாம் வழக்கம்போல் அடியில் போடாமல் காலரில் கிளிப் போட்டு மாட்டியிருக்கிறேன் என்று சாயங்காலம்தான் பார்த்தேன்.

அன்று மூன்று மணிக்கு இங்கே என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டாமா? மீனுக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். பெரிய வெள்ளி ஆயிற்றே. நீ வருவாய் என்று கேலம் டிராம் நிறுத்தத்தில் நின்றான். வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும் என்பதால் விட்டேன். ஒவ்வொரு டிராம் வரும்போதும் இரண்டு அடி முன்னால் போவான், எல்லோரும் இறங்கியதும் பின்னால் வருவான். ஐந்து மணிக்கு நான் போய்க் கூட்டிவந்தேன். ஆறு மணிக்கு நீ போன் செய்தாய். கப்பல் என்றாய். பின்னால் ரயில் அறிவிப்பு கேட்டது. நான் அதைத் துறைமுகம் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேனா, நினைக்க முடிவு செய்தேனா, தெரியவில்லை.

நீ உன் தேதியைச் சொல்லிவிட்டாய். என் தேதி அதுவல்ல.

ஏப்ரலில் எனக்குக் கணவன் இருந்தான். மே மாதத்திலும் இருந்தான். உன் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டேன். உனக்கு வரும் தபாலை எல்லாம் ரப்பர் பேண்ட் போட்டு வைத்தேன். ஜூன் பதினேழு, வியாழக்கிழமை, சாப்பாட்டு இடைவேளையில் பெத்தனி ஏறும் கம்பியிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்தது. நான் அங்கேயே தட்டு எடுத்துக்கொண்டிருந்தேன், ஓடினேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது பள்ளி அலுவலகத்துப் பெண் அட்டையை எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்தாள்.

"அவசரத்துக்கு இன்னொரு நம்பர் வேணுமே. அப்பா நம்பர் அதேதானா?"

"இல்ல, அத எடுத்துடுங்க. டோரீன் கார்ட்மெல்னு போடுங்க. பக்கத்து வீடு."

யோசிக்கவே இல்லை. யாரோ என் வாயால் சொன்ன மாதிரி இருந்தது. அவள் உன் பெயரின் மேல் ஒரு கோடு போட்டாள். ஸ்கேல் வைத்து, நேராக. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு ஆம்புலன்ஸில் ஏறினேன்.

அப்பாவுக்குச் சொல்ல வேண்டாம், தூரத்தில் இருந்துகொண்டு கவலைப்படுவார் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். ஆறு ஞாயிற்றுக்கிழமை, கட்டுப் போட்ட கையோடு பெத்தனி உன்னிடம் போனில் பேசினாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தச் சாமர்த்தியத்தை யாரிடம் கற்றாள் என்று நான் கேட்கவில்லை.

ஜனீன்


யெல் தீவு
23 ஆகஸ்ட் 2004

ஜனீன்,

எந்தக் கை? ஏன் எனக்குச் சொல்லவில்லை? எந்தக் கை என்று எழுது.

என்னை நீ என்ன வேண்டுமானாலும் செய். ஆனால் இதைச் சொல்லியிருக்க வேண்டும். நேற்று அவள் போனில் என்னிடம் நீச்சல் வகுப்பைப் பற்றி அரை மணி நேரம் பேசினாள். நான் "நல்லா நீந்து" என்றேன். முறிந்த கைக்காரியிடம் நல்லா நீந்து என்றிருக்கிறேன்.

எந்தக் கை?

கிளென்


ஃப்ளீட்வுட்
6 செப்டம்பர் 2004

கிளென்,

இடது கை. ஜூலை கடைசியில் கட்டைப் பிரித்துவிட்டார்கள். நீந்தலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கை கொஞ்சம் மெலிந்திருக்கிறது, அவ்வளவுதான். மாவுக்கட்டின் மேல் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள் என்று அதைத் தூக்கிப் போடாமல் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறாள். நாறுகிறது.

நீ கோபப்பட்டு ஒரு கடிதம் எழுதி எத்தனை காலம் ஆயிற்று. அதைப் படித்தபோது கெட்டதாகத் தோன்றவில்லை.

திரும்பவும் திருமதி ஆர்மராட்டிடம் போனேன். இரண்டு தேதியையும் ஒரு தாளில் எழுதி முன்னால் வைத்தேன். என் தேதி எது, உன் தேதி எது, நீ ப்ரெஸ்டன் வரை வந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏப்ரல்னா சிக்கல். மூணு மாசத்துக்குள்ள சொல்லியிருக்கணும். அதுக்கப்புறம் ஜோடியா வாங்கினதையெல்லாம் திருப்பிக் கேப்பாங்க. உன் தனி விண்ணப்பத்தை மூணு மாசத்துக்கு மேல பின்னால தள்ளிப் போடவும் முடியாது. ஜூன்னா இன்னும் நேரம் இருக்கு. செப்டம்பர் பதினாறாம் தேதிக்குள்ள சொல்லிடணும்."

"சுலபமா இருக்கேன்னு ஜூன்னு போடறதா?"

"நான் அப்படிச் சொல்லல. உன்னைக் கேக்கறேன். ஏப்ரல்ல அவரு போயிட்டாருன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"உங்கிட்ட என்ன சொன்னாரு?"

"கப்பல்னு."

"அப்போ ஏப்ரல்ல நீ கப்பலுக்குக் காத்துட்டிருந்த பொண்டாட்டி. ஒருத்தர் தன் மனசுக்குள்ள பண்ணிக்கிட்ட பிரிவை இன்னொருத்தர் எப்படி ஆபீஸ்ல போய்ச் சொல்ல முடியும், கண்ணு? உனக்கு எப்பத் தெரிஞ்சுதோ அதைச் சொல்லு."

அங்கிருந்தே வரி அலுவலகத்துக்குப் போன் செய்தேன், செப்டம்பர் இரண்டாம் தேதி. நாற்பது நிமிடம் பியானோ இசை. பிறகு ஒரு பையன், நல்ல பொறுமைக்காரன். ஜூன் பதினேழு என்றேன். நிரந்தரமா என்று கேட்டான். ஆமாம் என்றேன். பேச்சுக்கு நடுவில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. "அப்புறம் வேற எதாவது மாத்தம் இருக்கா, மேடம்?" என்றான். வேறு ஒன்றும் இல்லை என்றேன்.

இப்போது உன்னிடம் ஒன்று தேவை. வங்கிக் கணக்கு இன்னும் இரண்டு பெயரில் இருக்கிறது, போன் பில் உன் பெயரில் வருகிறது. ஆகவே நீ எங்கே இருக்கிறாய், எப்போது முதல் இந்த வீட்டு ஆள் இல்லை என்று உன்னிடமிருந்து ஒரு கடிதம் கேட்டிருக்கிறார்கள். எல்லோரிடமும் கேட்பதுதானாம். முகவரியை இத்துடன் வைத்திருக்கிறேன்.

என்ன தேதி எழுத வேண்டும் என்று நான் சொல்லித்தர மாட்டேன். இரண்டும் வேறு வேறாக இருந்தால் இரண்டு பேரையும் கூப்பிட்டுக் கேட்பார்களாம். அதற்காகப் பயந்து எழுதாதே. உனக்கு எது உண்மையோ அதை எழுது. ஆனால் எழுது, கிளென். இதையும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கடத்திவிடாதே.

ஜனீன்


யெல் தீவு
15 செப்டம்பர் 2004

ஜனீன்,

அவர்கள் கேட்ட கடிதத்தை இன்று காலைக் கப்பலில் அனுப்பிவிட்டேன். இத்துடன் நகல் வைத்திருக்கிறேன், மாக்னஸின் அக்கா வேலை பார்க்கும் அஞ்சலகத்தில் எடுத்தது. அவள் படிக்கவில்லை என்றாள். படித்திருப்பாள்.

எழுத இரண்டு நாள் ஆயிற்று. மாக்னஸ் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "வரி ஆபீசுக்கு நாலு வரி எழுத ரெண்டு நாளா? பேன் எண்ணும்போது இதவிட வேகமா எழுதறியே" என்றான். படித்துப் பார் என்று கொடுத்தேன். படித்தான். அதற்குப் பிறகு அன்று முழுக்க அவன் பேசவில்லை. எனக்கே பயமாகிவிட்டது.

தீவில் டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் இருக்கிறார். அடுத்த செவ்வாய்க்கிழமை போய்ப் பார்க்கிறேன். மாக்னஸ்தான் போன் செய்து நேரம் வாங்கினான். டாக்டரிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ப்ரெஸ்டனில் இருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன்.

கிளென்

[நகல்]

வரி அலுவலகத்தாருக்கு,

என் பெயர் கிளென் பில்லிங். என் மனைவி ஜனீன் பில்லிங்கின் விண்ணப்பம் தொடர்பாக நீங்கள் கேட்டபடி எழுதுகிறேன்.

நான் 2004 பிப்ரவரி 8 முதல் ஷெட்லாண்டில் யெல் தீவில் தங்கி மீன் பண்ணையில் வேலை செய்கிறேன். பண்ணையின் தங்குமிடம்தான் என் முகவரி. வேலைக்காக என்று சொல்லித்தான் வந்தேன். திரும்பி வருவேன் என்று என் மனைவி நம்பினாள். அப்படி நம்பும்படி விட்டது நான்.

ஏப்ரலில் வீட்டுக்குப் போகாமல் பாதி வழியில் திரும்பினேன். அதற்குப் பொய்க் காரணம் சொன்னேன். ஆகவே ஏப்ரலில் அவளுக்கு எதுவும் தெரிய வழி இல்லை. ஏப்ரலில் எனக்கும் தெரிந்தது என்று இப்போது சொன்னால் அதுவும் சரியில்லை. அப்போது எனக்கு எதுவுமே தெரியவில்லை.

ஜூன் 17 அன்று எங்கள் மகளுக்கு இடது கை முறிந்தது. அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர் பெயரிலிருந்து என் மனைவி என்னை எடுத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரைப் போடச் சொன்னாள். அவள் செய்தது சரி. அன்று என்னைக் கூப்பிட்டிருந்தால் நான் போயிருப்பேனா என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. கூப்பிட்டால் வருவான் என்று சொல்ல முடியாத ஒருவன் அந்த வீட்டு ஆள் இல்லை.

எனவே நாங்கள் பிரிந்த தேதி 2004 ஜூன் 17. அந்த நாளை முடிவு செய்தது அவள். அதற்குக் காரணம் நான்.

பிள்ளைகள் இருவரும் அவளோடு இருக்கிறார்கள். அவர்களை எழுப்புவது, சாப்பாடு போடுவது, பள்ளிக்கு அனுப்புவது எல்லாம் அவள் ஒருத்தியே. அவளுக்குக் கொடுக்க வேண்டியதைத் தாமதமில்லாமல் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கி. பில்லிங்


ஃப்ளீட்வுட்
11 அக்டோபர் 2004

கிளென்,

வெள்ளிக்கிழமை முடிவு வந்துவிட்டது. தனி விண்ணப்பமாக ஏற்றுக்கொண்டார்கள், ஜூன் பதினேழிலிருந்து. உனக்கும் ஒரு கடிதம் வரும், நம்முடைய பழைய கூட்டு விண்ணப்பம் முடிந்தது என்று. அதில் இரண்டு பேர் பெயரும் இருக்கும். பயந்துவிடாதே, பதில் எதுவும் அனுப்ப வேண்டாம்.

உன் நகலைத் திருமதி ஆர்மராட்டிடம் காட்டினேன். கோப்பில் வைக்க ஒரு பிரதி வேண்டும் என்று அவர்தான் கேட்டிருந்தார். நின்றபடியே படிக்க ஆரம்பித்தார், பிறகு உட்கார்ந்தார்.

"இதுல பாதிகூட அவங்களுக்கு வேண்டாம், கண்ணு," என்றார். "பேரு, ஊரு, தேதி. அது போதும். மிச்சத்தை ஏன் எழுதினாரு?"

"தெரியல."

"தெரியும் உனக்கு," என்றார். பிரதி எடுக்காமல் என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்று வீட்டுக்கு நடந்தே வந்தேன். கடல் பக்கமாக. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பசித்தது. உருளைக்கிழங்குச் சிப்ஸ் வாங்கி, வினிகர் ஊற்றி, சுவரில் உட்கார்ந்து தனியாக முழுப் பொட்டலத்தையும் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. எதுவும் ருசியாக இருந்து ரொம்ப நாள் ஆயிற்று என்று அப்போதுதான் கவனித்தேன். அது உன் கடிதத்தாலா, முடிவு வந்ததாலா, வெறும் பசியாலா என்று எனக்குத் தெரியாது.

டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார் என்று நேற்று போனில் சொன்னாயே, நான் "சரி" என்றேன். பெத்தனி பக்கத்தில் நின்றாள். சரி என்பதைவிட அதிகமாகச் சொல்ல நினைத்தேன். விடாமல் சாப்பிடு. ஒரு வாரத்தில் ஒன்றும் ஆகவில்லை என்று நிறுத்திவிடாதே. டோரீன் தன் புருஷன் செத்தபோது இந்த மாதிரி மாத்திரைதான் சாப்பிட்டாள், பலிக்க ஆறு வாரம் ஆகுமாம்.

நீ அக்டோபர் கடைசியில் பள்ளி விடுமுறைக்கு வந்து பிள்ளைகளைப் பார்க்கலாமா என்று கேட்டாய். வரலாம். ஆனால் நீ இங்கே தங்கினால் ஏதாவது பிரச்சினை வருமா என்று தெரியவில்லை, அதனால் உதவி எண்ணுக்கு மறுபடி போன் செய்து கேட்டேன். இந்த முறை ஒரு பெண்.

"பிள்ளைங்களோட அப்பா எத்தனை ராத்திரி தங்கலாம்?"

"இத்தனைன்னு கணக்கு எதுவும் இல்ல, மேடம். அவர் அங்க வாழறாரான்னுதான் நாங்க பாப்போம். வாழறாரா?"

"இல்ல," என்றேன். "பாக்க வர்றாரு."

"அப்போ தாராளமா வரட்டும்."

ஆகவே சனிக்கிழமை வா, புதன்கிழமை வரை இரு. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு எல்லாம் தேய்த்துக் கழுவுகிறோம், நான் மத்தியானம்தான் வருவேன். காலையில் நீதான் எழுப்பிச் சாப்பாடு போட வேண்டும். கேலம் இப்போது பாலில் ஊறிய எதையும் தொடுவதில்லை. பெத்தனிக்குத் தலை சீவ வேண்டாம், அவளே சீவிக்கொள்கிறாள், நீ சீவினால் கோபம் வரும்.

பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். பிரிந்துவிட்டோம் என்பதையும், நீ வருகிறாய் என்பதையும், ஒரே மூச்சில். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கேலம், "கப்பல் ஓடுமா?" என்று மட்டும் கேட்டான். ஓடும் என்றேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

பெத்தனி, "அப்பா எங்க படுப்பாரு?" என்றாள்.

"சோஃபால."

எழுந்து மாடிக்குப் போனாள். தன் கட்டிலிலிருந்து கனமான போர்வையை இழுத்துக்கொண்டு வந்து சோஃபாவின் ஒரு ஓரத்தில் மடித்து வைத்தாள்.

"அவர் வர இன்னும் ரெண்டு வாரம் இருக்குடி," என்றேன்.

"தெரியும்," என்றாள்.

அது அங்கேயே இருக்கிறது. நான் எடுக்கவில்லை. அவள் இப்போது மெல்லிய போர்வையோடு தூங்குகிறாள்.

ஜனீன்